லைன் கட் ஆகவில்லை

11 ஜூலை 2008, வெள்ளி

இன்றும் படம் வரவில்லை.

அங்கே ஜும்மா முடிந்ததும் சவூதியில் தம்மாமிலிருந்து என் வீட்டுக்காரர் கபீர் மச்சான் மெசஞ்சரில் வந்தார். குரல் தெளிவாகக் கேட்டது. வாதம் வந்து படுத்திருக்கும் மாமியை நாற்காலியோடு கடைக்குத் தூக்கி வந்திருந்தோம். "கபீரு மொகத்தக் காட்டு புள்ள" என்பதைத் தவிர மாமி வேறு எதுவும் கேட்பதில்லை. கேமராவைப் போடுங்கள் என்றேன். போடுகிறேன் என்றார். அந்த நேரம் பார்த்து ரவுட்டர் அணைந்து, தானே மறுபடி எழுந்தது. கடை முழுக்க லைன் போய்விட்டது.

பிறகு போன் செய்தார். "உங்க பக்கந்தான் லைன் சரியில்ல நஸீரா."

உண்மைதான். மூடிப்போன இறால் கம்பெனியிடமிருந்து வாங்கிய பழைய ரவுட்டர் அது. அதை நம்பித்தான் இந்த பிரவுசிங் சென்டரே ஓடுகிறது. ஆனால் அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்ததே. எனக்குத்தான் அப்படிக் கேட்டதா?

13 ஜூலை, ஞாயிறு

கடை லீவு. ரவுட்டரை என் கம்ப்யூட்டரோடு கேபிளில் இணைத்து, அது எழும்போது என்ன சொல்கிறது என்று பார்த்தேன். அதன் மென்பொருள் ஃபிளாஷ் மெமரி கார்டில் இருக்கிறது. எழும்போதெல்லாம் அதிலிருந்து படித்துத்தான் ஓடும். மூன்று தடவை போட்டதில் ஒரு தடவை படிக்க முடியாமல் நின்றுவிட்டது. கார்டு கெட்டுக்கொண்டு வருகிறது.

ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்ளும் பூமிநாதன் அண்ணனுக்குப் போன் செய்தேன். "மென்பொருளும் பழசும்மா. படம் ஓடுற பாரத்த அது தாங்காது. புதுசப் போடணும்னா ஒங்க கார்டுல எடம் பத்தாது. பெரிய கார்டு வாங்கணும்" என்றார். சென்னையில் பழைய சாமான் கடைகளில் கிடைக்குமாம். சொல்லி வைக்கிறேன் என்றார்.

16 ஜூலை

மாமி சரியாகச் சாப்பிடவில்லை. கஞ்சி இரண்டு வாய். "வெள்ளிக்கிழமை வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

18 ஜூலை, வெள்ளி

கார்டு வரவில்லை. படமும் இல்லை. போனில் மட்டும் பேசினார்.

19 ஜூலை

கார்டு வந்துவிட்டது. பூமிநாதன் அண்ணன் பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருந்தார். கைக்குட்டையில் சுற்றிய, சுண்டுவிரல் நீளப் பச்சைப் பலகை. இதற்குத்தான் இத்தனை பாடு.

20 ஜூலை, ஞாயிறு

முதலில் பழைய மென்பொருளையும் செட்டிங்குகளையும் கம்ப்யூட்டரில் பத்திரப்படுத்தினேன். பிறகு ரவுட்டரை அணைத்துத் திறந்தேன். உள்ளே கரையான் புற்று மாதிரி தூசி, உப்புக்காற்றில் பச்சை பூத்த திருகாணிகள். பழைய கார்டை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகினேன். போட்டால், மெமரியே இல்லை என்கிறது.

அணைத்தேன். கார்டின் கால்களை அழிரப்பரால் தேய்த்து, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். இந்தத் தடவை கண்டுகொண்டது.

புதுக் கார்டு காலி. அண்ணன் கொடுத்த புது மென்பொருளைக் கேபிள் வழியாகச் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்ற வேண்டும். பாதியில் கரண்ட் போனது. கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரிகிறது இப்போதெல்லாம்? யூ.பி.எஸ். கத்திக் கத்தி அடங்கியது. எல்லாம் போச்சு.

கரண்ட் வந்ததும், யூ.பி.எஸ். தேறட்டும் என்று காத்திருந்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன். அஸருக்குப் பாங்கு சொல்லும்போது ரவுட்டர் புது மென்பொருளோடு எழுந்தது. அல்ஹம்துலில்லாஹ். தொழுதுவிட்டு மாமியிடம் சொன்னேன். "அப்ப அவனப் பாத்துரலாம்" என்றார்.

25 ஜூலை, வெள்ளி

மாமியைத் தூக்கி வரவில்லை. முதலில் நானே பேசிப் பார்க்கிறேன் என்று விட்டேன். நல்ல வேளை.

கேமராவைப் போடுங்கள் என்றேன். "இந்தா போடுறேன்" என்றார். லைன் போனது. போனில் வந்தார். "பாத்தியா, மறுபடியும் உங்க பக்கம் கட்டாயிருச்சு."

நான் ரவுட்டரைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை எழுந்ததிலிருந்து ஒரு நொடிகூட நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறது. பக்கத்துத் தடுப்பில் தாஜுன்னிசா தன் மாப்பிள்ளையைப் படத்தில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கம் ஒன்றுமே இல்லை.

வேறு குடும்பம் வைத்துவிட்டாரா? ஒரு வருஷமாக ஒரு போட்டோ அனுப்பவில்லையே — லீவு கிடைக்கல, கிடைக்கலன்னு — நான் என்ன மடச்சியா? இவரு அம்மாவுக்குப் பீ மூத்திரம் எடுத்துக்கிட்டு இங்கன கெடக்குறேனே, எனக்கு ஒரு வார்த்தை உண்மை சொல்லக் கூடாதா?

26 ஜூலை

போன் செய்தேன். சலாம்கூடச் சொல்லவில்லை.

"லைன் கட் ஆகல. நீங்கதான் கட் பண்ணுனீங்க."

"நீ தனியா கடையில இரி. வாரேன்" என்றார்.

படம் வந்தது. முதலில் வலது பக்கத்தை மட்டும் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பச் சொன்னேன். திரும்பினார்.

இடது கன்னம் உருகி இறங்கிப்போயிருக்கிறது. காது இல்லை. கண் பாதிதான் திறக்கிறது. தங்கும் அறையில் கேஸ் சிலிண்டர் வெடித்ததாம், போன வருஷம் நோன்புக்கு முன்னால். கூட இருந்த ஒருவர் மவுத்.

"ஊர்ல எல்லாரும் பாப்பாங்க நஸீரா. நீயும் பாப்ப."

நான் அழவில்லை. கோபம் போகவும் இல்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த அத்தனை நாளும் இவர் போனில் "நல்லாருக்கேன்" என்றிருக்கிறார். நான் மீன் என்ன விலை என்று பேசியிருக்கிறேன்.

27 ஜூலை

மாமியிடம் சொல்லிவிட்டேன். மறைத்துக் காட்ட வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "உசுரு இருக்குல்ல" என்றார்.

1 ஆகஸ்ட், வெள்ளி

கடையின் மொட்டைமாடியிலிருந்து சந்துக்கு மேலாகக் கேபிள் இழுத்து, மாமியின் கட்டிலருகே ஒரு கம்ப்யூட்டரை வைத்தேன்.

மச்சான் முகத்தை நேராகவே வைத்திருந்தார். மாமி வெகுநேரம் பார்த்தார். நல்ல கையைத் தூக்கி, திரையில் அந்த இடது கன்னத்தைத் தொட்டார்.

"வலிக்குதா வாப்பா?"

"இப்ப இல்லம்மா."

"பொறவு ஏன் அங்கன உக்காந்திருக்க? வந்துரு."

அவர் அழுதார். படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

26 ஆகஸ்ட், செவ்வாய்

விடியற்காலை, ஃபஜ்ருக்கு முன் மாமி மவுத்தானார். நோன்பு பிறக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது.

12 டிசம்பர், வெள்ளி

வந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டிலிருந்து துண்டால் தலையை மூடிக்கொண்டு நேரே மாமியை அடக்கிய கபர்ஸ்தானுக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். நான் தட்டு வைத்தேன். சாப்பிட்டார். முகத்தைப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். சாப்பிடும்போது உதட்டோரம் சோறு நிற்பது அவருக்குத் தெரிவதில்லை. துடைத்துவிட்டேன்.

9 ஜனவரி 2009

கடையின் பின்னறையிலேயே இருக்கிறார். கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கிறார். ஆள் வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறார். நான் ஒன்றும் சொல்வதில்லை. சில நாள், வெளியே வாங்க என்று சொல்லிவிடுகிறேன்.

11 பிப்ரவரி, புதன்

கடையில் கூட்டம். நயினார்கோவில் பக்கத்திலிருந்து முருகம்மாள் என்று ஒரு அம்மா முதல் தடவையாக வந்திருந்தார். மகன் குவைத் போய் ஒரு மாதம் ஆகிறதாம். குரல் வந்தது, படம் வரவில்லை. அந்த அம்மா திரையைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டார். நான் கல்லாவில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

பின்னறைக் கதவு திறந்தது.

அவர் வந்து குனிந்து கேமரா வயரைச் சரி செய்தார். முருகம்மாள் அவர் முகத்தை ஒரு நொடி பார்த்தார். "ஏய்யா, எம் மவன் மொகம் தெரியலையே, செத்த பாருய்யா" என்றார்.

படம் வந்தது. அந்த அம்மா அவர் கையைப் பிடித்தவர், பேசி முடிக்கும்வரை விடவில்லை. அவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு அவரே அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.