அந்தப் பந்தை எடுக்க மாட்டேன்

இன்று காலை ஒரு பார்சலில் முகவரி எழுத மார்க்கர் பேனாவின் மூடியைத் திறந்தேன். அந்த மை வாடை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். "என்ன அண்ணாச்சி, எழுதாம நிக்கீய?" என்று கூரியர் கடைக்காரர் கேட்டார். செத்துப்போன சிநேகிதனோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மட்டை, பந்து, சட்டை என்று வீரர்களின் கையெழுத்துகளைத் தேடி நாம் இருவரும் அலைந்த காலத்தில், எதைக் கொண்டுவந்தாலும் நீ முதலில் முகர்ந்துதான் பார்ப்பாய். மீன் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல, விற்க வந்தவன் கண்முன்னாலேயே மட்டையை மூக்குக்குக் கொண்டுபோவாய். "பழைய கையெழுத்துன்னு சொல்லுதான். நேத்து போட்ட வாடை அடிக்குலே" என்று என் காதில் சொல்வாய். எனக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது.

பிறகு அதைத் தலைகீழாகத் திருப்புவாய். பெயரைப் படித்தால் மனசு மயங்கிவிடும், பேனா இழுத்த கோட்டை மட்டும் பார்க்க வேண்டும் என்பது உன் கட்சி. உண்மையான வீரன் கூட்டத்துக்கு நடுவில் நின்று போடுவான். கோடு விறுவிறுவென்று ஓடி, முடிகிற இடத்தில் மெலிந்துபோகும். போலி போடுகிறவன் பார்த்துப் பார்த்து இழுப்பான். வளைவு வந்தால் பேனா தயங்கும், மை தேங்கும். "எழுதுதவனுக்கு அவசரம், வரையுதவனுக்குப் பயம்" என்பாய். அதற்கு மேல் உன்னிடம் வியாக்கியானம் கிடையாது.

இதனால் பகையும் சம்பாதித்தாய். நம் சேகரிப்பாளர் சங்கத் தலைவர் ஒருமுறை ஒரு கிரிக்கெட் மட்டையை மாலை போடாத குறையாக மேசையில் வைத்திருந்தார். அணி முழுக்கக் கையெழுத்துப் போட்டது என்றார். நீ அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, பதினோரு பேருக்கும் ஒரே கையால்லா இருக்கு" என்றாய். மண்டபமே சிரித்தது, அவர் மட்டும் சிரிக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று வெளியே வந்ததும் உன்னிடம் கேட்டேன். "அவரு தனியாவா காட்டுனாரு?" என்று திருப்பிக் கேட்டாய்.

உன்னிடம் என்னென்னவோ இருந்தாலும் உன் உயிர் அந்தக் கால்பந்தில்தான் இருந்தது. நம் மைதானத்தில் ஆட வந்த வெளியூர் அணி பஸ் ஏறிவிட்டது. நீ ஜன்னல் வழியாகப் பந்தை நீட்டினாய். கோல்கீப்பர் அதை மடியில் வைத்துக் கையெழுத்துப் போடும்போதே வண்டி நகர்ந்துவிட்டது. கடைசி எழுத்தின் வால் தையலைத் தாண்டி நீளமாக ஓடியது. நீ பஸ்ஸோடு ஓடிப்போய், அவர் வெளியே போட்ட பந்தைப் பிடித்தாய். நான் உன் செருப்புகளைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் ஓடிவந்தேன்.

இந்த உப்புக்காற்றில் எந்த மை நிற்கும்? வருஷம் ஆக ஆக அதுவும் மங்கிப்போனது. நீ போன பிறகு முதல் கல்லறைத் திருநாள் வந்தது. உன் மனைவியை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன், உனக்குத் தெரியும். தங்கச்சி உங்கள் வீட்டுக் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, உன் அப்பா அம்மா பெயர்கள் மங்கியிருந்ததைப் பார்த்து, வழக்கம்போல அந்த எழுத்துகளின் மேலேயே கறுப்புப் பெயிண்டால் எழுதினாள். வீட்டுக்கு வந்தால் அலமாரியில் உன் பந்து. அதிலும் பெயர் மங்கிக் கிடந்தது. மார்க்கரை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த வால் வரைக்கும் மேலேயே எழுதிவிட்டாள். உனக்குச் செய்கிற மரியாதை என்றுதான் செய்தாள்.

எனக்கு இது அப்போது தெரியாது. உன் நினைவாகச் சங்கம் வைத்த கண்காட்சிக்கு அவள் பந்தைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, பெருமையாக மேசையில் வைத்தாள். தலைவர் அதை எடுத்துத் தலைகீழாகத் திருப்பினார். உன் வித்தையேதான். "இது எழுதுனதில்ல, வரைஞ்சது" என்றார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "ஊர்ப்பட்ட போலியெல்லாம் பிடிச்சாரு. எப்படிப் பிடிச்சாருன்னு இப்பல்லா தெரியுது" என்றார். நானும் வாங்கிப் பார்த்தேன். வளைவுக்கு வளைவு மை தேங்கியிருந்தது. பந்தை மேசையிலேயே திரும்ப வைத்தேன்.

தங்கச்சி எழுந்து நின்றாள். "அத எழுதுனது நாந்தான். கல்லறையில பேரு மங்குனா மேல எழுத மாட்டமா? அப்படித்தான் எழுதுனேன்."

"அப்பம் கையெழுத்து போச்சுல்லா? மேசையில இருந்து எடுங்க" என்றார் தலைவர்.

யாரோ மையைக் கரைக்கும் தின்னர் வைத்துத் துடைக்கச் சொன்னார்கள். "தொடச்சிரட்டுமாண்ணே?" என்று தங்கச்சி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

"ஒரு எழுத்தையும் தொடாத, தங்கச்சி. பந்து இங்கனதான் இருக்கும். கோல்கீப்பர் போட்டத நான் பாத்தேன். நீரு பாத்தீரா?" என்று தலைவரிடம் கேட்டேன். சங்கத்தில் இருக்க வேண்டுமென்றால் விதிக்குக் கட்டுப்பட வேண்டும் என்றார். சங்கத்து உறுப்பினர் அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கண்காட்சி முடிகிறவரை பந்துக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

நீ இருந்திருந்தால் அதைச் செல்லாது என்று முதலில் தள்ளியிருப்பவன் நீதான். தெரியும். மேலே மை விழுந்தால் அது செத்த கையெழுத்து என்று சொல்லி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாய். வேண்டுமானால் தள்ளிவிடு. இந்த ஒரு விஷயத்தில் உனக்கும் நான் கட்டுப்பட மாட்டேன். நீ பார்க்கச் சொன்னபடிதான் இன்றைக்கும் ஒவ்வொரு கோட்டையும் பார்க்கிறேன். ஆனால் அதே வித்தையைக் காட்டி உன்னைப் போலிக்காரன் என்று ஒருவன் சொல்ல, நான் உயிரோடு இருக்கிறவரை கேட்டுக்கொண்டு இருக்க முடியாது. இதை எழுதும்போது அழுகை வருகிறது, வரட்டும்.

போன வாரம் காயல்பட்டினத்தில் வெளியார் வைத்த ஒரு கண்காட்சி. நானும் தங்கச்சியும் பந்தோடு போயிருந்தோம். 'கையெழுத்து கோல்கீப்பருடையது. மேலே எழுதியது பந்துக்காரரின் மனைவி' என்று ஓர் அட்டையும் வைத்திருந்தோம். நம் சங்கத் தலைவரும் வந்தார்.

"இன்னுமா இதத் தூக்கிட்டு அலையுதீரு? யாரு நம்புவா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கச்சி சொன்னாள்: "மேல உள்ளது எங் கை, அண்ணாச்சி. அடியில உள்ளத இந்த அண்ணன் பாத்திருக்காவ. கேளுங்க."

அவர் கேட்கவில்லை. அடுத்த மேசைக்குத் திரும்பி நடந்தார். அவர் முதுகைப் பார்த்து, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி நான் சொன்னேன்: "நான் பாத்தேன்."