எம். சாந்தியின் மேற்கோள்கள்

ஜூன் 16, திங்கள்

விடியலிலிருந்து மழை. நாவலப்பிட்டி பஸ்ஸில் கம்பளை வரை நின்றபடி. சப்பாத்துக்குள் தண்ணீர். நூலகத்தில் அதற்கு மேல் ஏசி.

வேலை அதேதான். கெம்பஸ் விரிவுரையாளர் ஒவ்வொருவரும் எத்தனை கட்டுரை எழுதினார், அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள், எந்தெந்தத் துறையில். மண்ணியல் பட்டியல் போன வாரமே கொடுத்தாயிற்று. இன்று துறைவாரி வட்ட வரைபடம். மண்ணியல் சாந்தி மிஸ்ஸின் வட்டத்தில் பாதிக்கு மேல் ஒரே நிறம்: இதய நோய்.

தேயிலை மண்ணை ஆராய்பவருக்கு இதயம் எதற்கு?

தேடினேன். என் பிழை. மிஸ் கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரில் கே. சாந்தி, பின் கணவர் பெயரில் எம். சாந்தி. மென்பொருளுக்கு இரண்டு மனுஷிகள். ஒன்றாக்கித் தரச் சொன்னார். நான் எல்லா எம். சாந்தியையும் தெரிவுசெய்து ஒரே அழுத்து. அதற்குள் இந்தியாவில் அதே பெயருள்ள இருதய டாக்டர் ஒருவரும் வந்து விழுந்திருக்கிறார்.

பேராசிரியர் பதவிக்கான மிஸ்ஸின் விண்ணப்பம் வெள்ளிக்கிழமை போய்விட்டது. என் பட்டியலோடு.

குடை பஸ்ஸிலேயே போய்விட்டது.

ஜூன் 17, செவ்வாய்

டாக்டரை நீக்கிக் கணக்குப் பார்த்தேன். பேராசிரியராக மிஸ்ஸுக்குப் புள்ளி போதாது. கொஞ்சம்தான். ஆனாலும் போதாது. அந்த டாக்டரின் ஒரு கட்டுரைக்கு வந்த மேற்கோள், மிஸ் வாழ்நாள் முழுக்க எழுதியதற்கு இல்லை. மருத்துவத்தில் ஆளுக்கு ஆள் மேற்கோள் காட்டுவார்கள். மண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? இரண்டையும் ஒரே அளவுகோலில் அளக்கும் முட்டாள்தனம் தனிக்கதை.

பக்கத்து மேசை நௌஷாத்திடம் சொன்னேன்.

"யாரு மச்சான் பாக்கப் போற? அந்தக் கமிட்டிக்காரங்க மொத்தத்தத்தான் பாப்பாங்க. உட்டுடுங்க."

"பாத்தா?"

"பாத்தா மெஷின் பிழைண்டு சொல்லுங்க. மெஷினுக்கு வாய் இருக்கா?"

பதினொரு மணிக்கு மிஸ்ஸே வந்தார். கையில் கேக் பெட்டி. பட்டியலைப் பார்த்துத் துறைத் தலைவர் வாழ்த்தினாராம்.

"தம்பி, இத்தன பேரு நம்மள படிச்சிருக்காங்களா? நான் நெனக்கவே இல்ல. எங்கப்பா இருந்திருந்தா மடுல்கெல்லத் தோட்டம் பூரா சொல்லியிருப்பாரு."

சொல்லவில்லை. கேக் தின்றேன். இரண்டு துண்டு.

ஜூன் 18, புதன்

தலைவலி. பனடோல் இரண்டு. மழை விட்டுவிட்டு.

மிஸ்ஸின் அறைக்குப் போய்ச் சொன்னேன். சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு. "பட்டியல் பிழை மிஸ். பாதிக்கு மேல் உங்களது இல்லை. நான்தான் செய்தேன்."

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"வேற மிஸ்டேக் ஏதும் இருக்கா?"

"இல்லை."

"என்னோடத மட்டும் அச்செடுத்துக் குடுங்க."

கொடுத்தேன். மூன்றே தாள். விரல் வைத்துப் படித்தார், மாணவர் விடைத்தாள்போல. ஒரு வரியில் நின்றார். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு மேலே இருந்த மலைச்சரிவு பற்றிய கட்டுரை. மேற்கோள் ஒன்பது.

"இதுல ரெண்டு நானே போட்டது" என்றார். சிரித்தார். "இத வச்சுத்தான் அந்த லயத்து ஆளுங்கள வேற எடத்துக்கு எறக்குனாங்க. மறு வருஷம் அந்த மலை சரிஞ்சு வந்துருச்சு. அவங்கள்ல யாரு தம்பி மேற்கோள் போடப் போறா?"

திருத்தம் கொடுக்கலாம், கடிதம் நான் எழுதுகிறேன் என்றேன்.

"திட்டுவீங்கன்னு நினைச்சேன்" என்றும் சொல்லிவிட்டேன். அசட்டுத்தனம்.

"திட்டுனா புள்ளி கூடுமா?"

ஜூன் 20, வெள்ளி

வெயில், நான்கு நாளில் முதல் முறை. ஈரச் சப்பாத்து நாற்றம்.

மிஸ்ஸும் நானும் நிர்வாகக் கட்டடம். கடிதத்தில் பிழை என்னுடையது என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தேன். கிளார்க் படித்தார். சிங்களத்தில் சொன்னார்: முடிவுத் தேதிக்குப் பின் திருத்தம் எடுப்பதில்லை. விண்ணப்பத்தை அப்படியே வைத்திருக்கலாம், இல்லாவிட்டால் வாபஸ் வாங்கலாம்.

"அப்ப இருக்கட்டும் மிஸ்" என்றேன். ஆம், நான்தான் சொன்னேன். "நாமாவே போய்ச் சொல்லியாச்சு. இனி அவங்க பாடு."

"இன்னொருத்தி ஒழைப்ப நான் போட்டுக்கவா?"

வாபஸ் படிவம் கேட்டு வாங்கினார். நின்றபடியே நிரப்பினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

படியில் இறங்கும்போது நான் நிறையப் பேசினேன். அடுத்த முறை துறைவாரியாக ஒப்பிட்டுக் காட்டலாம், மண்ணியலுக்குள் மட்டும் பார்த்தால் நீங்கள்தான் முன்னால், அட்டவணை நானே போட்டுத் தருகிறேன், இப்படி.

"அடுத்த மொறை விண்ணப்பம் கூப்புடுறதுக்குள்ள நான் பென்சன் தம்பி" என்றார். லெக்சருக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

நூலகம் வந்து விண்ணப்பப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே பிறந்த தேதி. நான் மேற்கோள் பட்டியல் தொடங்கும் ஆறாம் பக்கத்திலிருந்துதான் படித்திருக்கிறேன்.