அரவேணு வீட்டுப் பின்பக்கம்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மூடுபனி. எதிரே இருக்கிற தேயிலைத் தோட்டமே தெரியவில்லை. வேலைகள்: கேஸ் முகவரி மாற்றம். மகள் யாழினிக்குப் பள்ளி ஸ்வெட்டர், கருநீலம். கீழே கோபியிலிருந்து தூக்கி வந்த ஃபேன்கள் இரண்டும் கட்டிலுக்கு அடியில். இனி எதற்கு?

அவருக்கு டீ ஃபேக்டரி ஃபிட்டர் வேலை பிடித்துப்போய்விட்டது. சட்டையெல்லாம் தேயிலை வாசம். எனக்கு மெடிக்கல் ஷாப்பில் அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கார அம்மா வந்தார். கையில் ஒரு கட்டு கேரட். மண் போகாத, நல்ல கேரட். மழை, பள்ளிக்கூடம், பஸ் எல்லாம் பேசி முடித்தார். போகிற மாதிரி திரும்பி,

"ஏனுங்க, நீங்க எந்த ஆளுங்க?"

"வாடகைக்கு வந்த ஆளுங்க."

சிரித்தார். நானும் சிரித்தேன். அவர்தான் முதலில் நிறுத்தினார்.

ஜூன் 11, புதன்

யாழினி பையைக்கூடக் கழற்றவில்லை. "அம்மா, நம்ம குலதெய்வம் எதும்மா? வீட்டுக்கார ஆன்ட்டி கேட்டாங்க."

குழந்தையிடம் போய்!

அவரிடம் சொன்னேன். அவர், "ஏதாவது ஒண்ணைச் சொல்லிட்டுப் போயேன். புது ஊரு. எதுக்கு வம்பு?"

மாட்டேன். கோபியில் அப்படித்தான் இருந்தோம். பொய்ச் சாதி, பொய்க் குலதெய்வம். வாசலில் யார் செருப்பைக் கழற்றினாலும் நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். என் கூடப்பிறந்த அக்காவையே வீட்டுப் பக்கம் வர வேண்டாம் என்றோம். அக்காவுக்கு நகராட்சியில் துப்புரவு வேலை. அவளைப் பார்த்தால் எங்களைத் தெரிந்துவிடுமே. "சரி கண்ணு, நீ சவுரியமா இரு" என்றாள். கோபமாவது பட்டிருக்கலாம்.

மலையேறி வந்தது மறுபடியும் ஒளிவதற்கா?

இரவு அவரோடு பேச்சில்லை. ரசத்தில் உப்பு அதிகம். வேண்டுமென்று போடவில்லை.

ஜூன் 13, வெள்ளி

பின்பக்கத் தகரக் கேட்டில் புதுப் பூட்டு. தண்ணீர் நன்றாக வருகிற குழாய், துவைக்கிற கல், கொடிக்கயிறு, எல்லாமே அந்தப் பக்கம். வீடு பார்க்க வந்தபோது, எல்லாம் பொது என்று சொன்னது இதே அம்மாதான்.

"அது எங்க பொழக்கத்துக்குங்க. நீங்க முன்னாடி குழாயில புடிச்சுக்கங்க."

முன்குழாய் காற்றைத்தான் விடுகிறது.

பக்கத்துப் போர்ஷன் ஸ்டெல்லாக்கா. எஸ்டேட் பிள்ளைமடுவத்தில் ஆயா. தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். பக்கெட்டோடு வாசலில் நின்று தாழ்ந்த குரலில் சொன்னார்: "எங்களையும் கேட்டாங்க தங்கச்சி, வந்த புதுசுல. கிறிஸ்டியன்னு சொன்னேன். கிறிஸ்டியன்ல என்னான்னு கேட்டாங்க."

அப்போது பூட்டுகூடப் போடவில்லையாம். ஒரு வார்த்தை சொன்னார்களாம். அதோடு ஸ்டெல்லாக்கா பின்பக்கம் போகவே இல்லை. முன்குழாயிலிருந்து சுமந்து சுமந்து இடுப்பு போய்விட்டது.

அதைக் கேட்டதிலிருந்து எனக்குப் பயம் குறைந்து ஆத்திரம் ஏறிவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

வீட்டுக்கார அம்மாவும் அவர் புருஷனுமாக வந்தார்கள். உட்காரவில்லை. அந்த ஐயாதான் பேசினார்.

"மாசக் கடைசில ஊட்டைக் காலி பண்ணிக்கங்க. எங்க சொந்தக்காரங்க வர்றாங்க."

யாழினிக்கு இப்போதுதான் ஒரு சிநேகிதி கிடைத்திருக்கிறாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"எழுதிக் குடுங்க. எந்த ஆளுன்னு கேட்டதையும், நாங்க சொல்லாததையும், கேட்டைப் பூட்டுனதையும் சேத்து எழுதுங்க."

"இதுக்கெல்லாம் எதுக்குங்க எழுத்து?"

"ஸ்டேஷன்ல கேட்டாக் காட்டறதுக்குத்தான்."

ஐயா பெண்டாட்டியைப் பார்த்தார். அந்த அம்மா தரையைப் பார்த்தார். அதுவரை வாய் திறக்காத என் வீட்டுக்காரர், "அந்தப் பூட்டையும் எடுத்துருங்க. பின்பக்கமும் சேத்துத்தான் வாடகை பேசுனோம்" என்றார். சத்தமே இல்லாமல், தட்டில் சோறு கேட்கிற மாதிரி. திரும்பிப் பார்த்தேன். நேராக நின்றுகொண்டிருந்தார்.

போய்விட்டார்கள். அவரே டீ போட்டார். சர்க்கரை அள்ளிக் கொட்டியிருந்தார். முழுக்கக் குடித்தேன்.

பிறகு அக்காவுக்குப் போன். "வர்ற ஞாயித்துக்கிழமை வா."

"உங்க ஊட்டு ஓனருங்க ஏதாச்சும்..."

"நீ வா."

ஜூன் 17, செவ்வாய்

பூட்டு இல்லை. யார் எடுத்தார்கள், எப்போது எடுத்தார்கள், தெரியாது. கேட்டைத் தள்ளிக்கொண்டு போய்த் துவைத்தேன். மழைதான், இருந்தாலும் துவைத்தேன்.

ஸ்வெட்டர் கை நீளம். மடித்துத் தைக்க வேண்டும்.

வீட்டுக்கார அம்மா முகம் கொடுப்பதில்லை. கேரட்டும் இல்லை. கடையில் கிடைக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

மழை விட்டு வெயில். அக்கா வந்துவிட்டாள்! மேட்டுப்பாளையம் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி. ஒரு டம்ளர் சுக்குக் காப்பி குடித்தவள், அழுக்குத் துணியைப் பார்த்ததும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். உட்காரச் சொன்னால் கேட்கிற ஆளா?

வீட்டுக்கார அம்மா ஜன்னலுக்கு வந்தார். "யாருங்க அது?"

"என் கூடப்பொறந்த அக்காங்க. முனிசிபாலிட்டியில துப்புரவு வேலை. இனி அடிக்கடி வருவா." ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

ஜன்னல் சாத்திக்கொண்டது.

"எதுக்குடி இத்தனை சத்தம்?" என்றாள் அக்கா.

"இத்தனை நாள் சொல்லாததுக்கும் சேத்து."

அவள் என் பாவாடையை எடுத்துக் கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தாள். நாடாவே அறுந்துவிட்டது. மூக்கை மட்டும் ஒரு தரம் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

காலி பண்ணச் சொல்லி எழுத்து ஏதும் வரவில்லை. வந்தால் பார்த்துக்கொள்ளலாம். இந்த வீட்டிலிருந்து நானாகப் போவதாக இல்லை.

தகரக் கேட் கிரீச்சென்றது. ஸ்டெல்லாக்கா. இடுப்பில் பக்கெட், அதில் நனைத்த கம்பளி. உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால். ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

அக்கா நகர்ந்து இடம் விட்டாள். "வாங்க, நான் ஒரு பக்கம் புடிச்சுப் பிழியறேன்."

ஈரக் கம்பளிக்குக் கொடி தாங்கவில்லை. நாளைக்குக் கயிறு. நல்ல முறுக்குக் கயிறாக, நீளமாக.