சத்தமில்லாத நடை

புதன், இரவு.

முட்டிவலிக்காக ஓடும் முறையை மாற்றி ஒரு வாரம் ஆகிறது. நான் குதிகாலை முதலில் குத்தி ஓடுகிறேனாம், அந்த அதிர்வு நேராக முட்டிக்கு ஏறுகிறதாம். பிசியோதெரபிஸ்ட் சொன்னார். முன்பாதத்தில் இறங்கினால் முட்டி தப்பிக்கும், கெண்டைக்கால்தான் பாரத்தை வாங்கும் என்றார். அப்படியேதான் ஆயிற்று. பாரம் எங்கும் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது.

பழகட்டும் என்று வீட்டுக்குள்ளும் முன்பாதத்திலேயே நடந்தேன்.

காலையில் எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளை ஒட்டி ஓடிவிட்டுத் திரும்பினேன். கீழ்வீட்டு மும்தாஜ் அக்கா படியில் மறித்தார்.

"இன்னாம்மா, ஊருக்குப் போயிருந்தியா? மேல டொம்மு டொம்முன்னு நடப்பியே, சத்தமே காணோம். வூட்ல ஆளே இல்லன்னு நெனச்சிகினு இருந்தேன்."

"இங்கதான்க்கா கீறேன்" என்றேன்.

என் நடையை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதே இன்றுதான் தெரியும்.

இப்போது தண்ணீர் குடிக்க எழுந்தேன். தாகம் இல்லை. குதிகாலை நன்றாகக் குத்தி, சமையலறை வரை போய்த் திரும்பினேன். முட்டி வலிக்கிறது. இன்னொரு தரம் போய் வரலாம்.