துப்பாக்கி அவனுக்கு, கம்பி எனக்கு

தை 22, வியாழன்

காலையில் நல்ல பனி. எதிர்க் கடை போர்டு தெரியவில்லை. உரக் கடையைத் திறந்து உட்கார்ந்ததும் முதல் போணியே ராமலிங்கம் அண்ணன் புராணம்.

சனிக்கிழமை பள்ளி மைதானத்தில் ஊர்ப் பாரம்பரிய விழா. உடையார்பாளையம் சுற்று வட்டாரத்து நீளத் துப்பாக்கிகளை வாங்கி வந்து வைக்கிறார்கள். எல்லாம் பாளையக்காரர் காலத்துச் சரக்கு. நடு மேசை அண்ணனுடையதற்காம்.

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். வெளியில் 'அவர்'. இந்த நோட்டில் மட்டும் 'அவன்'.

அது எங்கள் இரண்டு வகையறாவுக்கும் பொதுத் துப்பாக்கி. பாகம் பிரித்தபோது யாரும் விட்டுக்கொடுக்கவில்லையாம். துப்பாக்கி பெரியவர் வகைக்கு, குழலுக்குள் வெடிமருந்தைப் போட்டு இடிக்கிற கம்பி சின்னவர் வகைக்கு என்று பிரித்துவிட்டார்கள். அவன் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் துப்பாக்கி. என் வீட்டுச் சாமி அறையில் கம்பி. அதில் வீட்டுக்காரி மல்லிகா திரைச்சீலை மாட்டியிருக்கிறாள்.

யூரியா வரவில்லை. போன் போட வேண்டும்.

தை 23, வெள்ளி

அவனே கடைக்கு வந்தான். வெள்ளை வேட்டி, சென்ட்.

"தம்பி, எச்.எம். சாரு கம்பியும் வேணும்ங்கறாரு. அது இல்லாம மொட்டையா இருக்காம். ஒரு நாளைக்குக் குடுறா."

"நானே கொண்டாரேண்ணே. எம் பேரையும் போடச் சொல்லுங்க."

"போட்டுருவோம், அதுக்கென்ன."

வீட்டில் திரையைக் கழற்றிக் கம்பியைப் புளி போட்டுத் தேய்த்தேன். மல்லிகா சிரிக்கிறாள். "திரைக் கம்பிக்கு இம்புட்டு ராங்கியா?" சிரிக்கட்டும். அவளுக்கென்ன தெரியும்.

தை 24, சனி

கன்னம் வீங்கியிருக்கிறது. வரிசையாக எழுதுகிறேன்.

காலை மைதானம். நடு மேசையில் துப்பாக்கி, கிட்டத்தட்ட ஆள் உயரம். அட்டையில் அவன் போட்டோ, அவன் பெயர் கொட்டை எழுத்தில். கம்பிக்கு? 'உதவி: உறவினர்.' வயிறு பற்றி எரிந்தது. ஆமாம், பொறாமைதான்.

கம்பியை நானே குழலுக்குள் விட்டேன். முழுசும் உள்ளே போய் நுனிக் குமிழ் மட்டும் வெளியே நிற்க வேண்டும். ஒரு சாண் வெளியே நின்றுவிட்டது. அழுத்தினேன். அசையவில்லை.

எனக்கு வந்த சந்தோஷம்! குழல் குட்டை. அசலை எப்போதோ விற்றுவிட்டு வேறு எதையோ பெட்டிக்குள் வைத்துப் பெருமையடிக்கிறான். எச்.எம். காதில் போட்டேன். டீக்கடையில் சொன்னேன். பந்தல்காரனிடம்கூட. அண்ணன் காதுக்குப் போகாமல் இருக்குமா.

"தம்பிக்கு எம்மேல எப்பவும் ஒரு இது. வுடுங்க" என்றான், எல்லோர் முன்னாலும். எல்லோரும் சிரித்தார்கள். திட்டியிருந்தால் தேவலை.

நிரூபிக்காமல் விடுவதில்லை என்று சாயங்காலம் மறுபடி போனேன். கம்பியை உருவிக் குழலுக்கு வெளியே ஒட்டிப் பிடித்து, வாயிலிருந்து பின்னால் தீ வைக்கிற துளைவரை அளந்தேன். சரியாக இருந்தது. திருப்பி வைத்து அளந்தேன். அதே. குழல் குட்டையில்லை. அசல் துப்பாக்கிதான். அப்படியானால் உள்ளே ஒரு சாணுக்கு ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது. துப்பாக்கிக்குள் வேறு என்ன அடைப்பார்கள்.

கம்பியை மேசையில் வைத்துவிட்டு எச்.எம். எங்கே என்று தேடினேன்.

அதற்குள் மேளம். திறப்பு விழா. அண்ணி சூடத் தட்டோடு வந்துவிட்டார். துப்பாக்கிக்கு மாலை, சந்தனப் பொட்டு. அவன் பேத்தி குழல் வாயில் கன்னத்தை ஒட்டி வைத்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரிக்கிறது.

எச்.எம். கையைப் பிடித்தேன். "சார், உள்ள மருந்து கெட்டிச்சிருக்கு."

"காலைல போலின்னீங்க. இப்ப மருந்தா? வேணாம் செல்வராசு, நல்லா இல்ல."

நாள் முழுக்க நானே என் வாயைக் கெடுத்து வைத்திருக்கிறேன். அண்ணி துப்பாக்கியைச் சுற்றிக் காட்டிக்கொண்டே தட்டைத் துளைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். தள்ளினால் சூடம் அதன் மேலேயே விழும். குனிந்து ஊதிவிட்டேன்.

வாயால்.

மேளம் நின்றது. "அடப்பாவி, சூடத்தயே வாயால ஊதிட்டான்யா!" என்று ஒரு பொம்பளைக் குரல். அண்ணன் ஓங்கி அறைந்தான். போலீஸ்காரர் ஒருவர் சட்டையைப் பிடித்தார். "கம்பிய உட்டுப் பாருங்க சார், வெளியவும் வச்சுப் பாருங்க" என்று கத்தினேன். அவர் புத்திசாலி. அளந்து பார்த்தார். முகம் மாறியது. உடனே பிள்ளைகளை விரட்டினார்.

தை 25, ஞாயிறு

நேற்று குழலில் ஊற்றிய தண்ணீரில் ஊறி, இன்று வெளியே வந்ததாம். துணிப் பொட்டலம், ஈயக் குண்டுகள், கெட்டிக் கறுப்பு மருந்து. "இன்னும் வேல செய்யும்" என்றாராம் வந்து பார்த்த வெடிமருந்து நிபுணர். எந்தத் தாத்தா எந்தப் பன்றிக்குக் கெட்டித்து மறந்தாரோ. இத்தனை வருஷமாக உள்ளே விட்டுப் பார்க்க அவர்களிடம் கம்பி இல்லை. அது என் வீட்டில் திரை மாட்டிக்கொண்டிருந்தது.

பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். போட்டோ அவனோடுதான்.

சாயங்காலம் பேத்தியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு நடந்தே வந்தான். வாசலிலேயே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விம்மினான். "எம் புள்ளயத் திருப்பிக் குடுத்துட்டடா தம்பி. உன்னப் போயி கை நீட்டிட்டனே." மல்லிகா அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்லக்கூடாது. அந்தக் குழந்தை முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தெருவே கூடி நின்றது. எதிர்வீட்டுக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது நன்றாகக் கேட்டது.

"ராமலிங்கத்துக்கு எவ்ளோ பெரிய மனசு பாத்தியா. தம்பி வூடு தேடி வந்து அழுவுறாரு."

அறை வாங்கியது நான்.