கலயத்துக்குள் இருந்தது

மார்ச் 2, திங்கள்

இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் நெஞ்சு எக்ஸ்ரே படங்கள்தான். “மூச்ச இழுங்க, புடிங்க, விடுங்க.” சொல்லிச் சொல்லி எனக்கு மூச்சு வாங்குகிறது. கண்டியிலிருந்து ஹேவாஹெட்ட பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். வாசலில் அண்ணன் கறுப்பையா. கோயில் தலைவர் ஆனதிலிருந்து மனுசனுக்கு உட்காரத் தெரியவில்லை.

மண்சரிவுக்குப் பிறகு எங்கள் தோட்டத்து லய வீடுகளைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். கீழே புது வீடுகள். கோயிலையும் இறக்க வேண்டும். அம்மன் காலடியில் இருக்கும் மண் கலயத்தால்தான் வம்பு. வெள்ளைக்காரன் கோப்பித் தோட்டம் போட்ட காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து வந்தவர்கள் கொண்டுவந்தது; வாயை அரக்கால் அடைத்திருக்கிறார்கள். உள்ளே ஊர்க் கோயில் பிடிமண், தொடக்கூடாது என்பது அண்ணி பாப்பம்மா கட்சி.

“அம்புட்டுக் கனம் மண்ணுக்கா வரும்? தங்கம். ஒடச்சா கோயிலையே கட்டிரலாம்” என்கிறார் அண்ணன்.

மார்ச் 5

அண்ணி அண்ணனுக்குச் சோறு வைக்கிறார். தண்ணீர் வைப்பதில்லை.

மார்ச் 8, ஞாயிறு

நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். உடைக்காமலே எக்ஸ்ரேயில் பார்க்கலாம் என்று சொல்லித் தொலைத்தேன். டொக்டர் மறுத்துவிடுவார் என்று நம்பியிருந்தேன். அவரோ சிரித்துக்கொண்டே, “நோயாளி பேர் என்ன போடுவீங்க?” என்கிறார். இருக்கிற வேலை போதாதா எனக்கு?

மார்ச் 14, சனி

கடைசி நோயாளி போன பிறகு அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். சாமிப் பொருளைத் தலையில்தான் தூக்க வேண்டுமாம். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து மஞ்சள் துணி கட்டிய கலயம் தலையில். தெருவே பார்த்திருக்கிறது.

முதல் படம் வெறும் வெள்ளை. எக்ஸ்ரே கதிரின் பலத்தைக் கூட்டி மறுபடி எடுத்தேன். மண் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. நடுவில் ஒரு சின்ன வளையம்.

“மின்னுதே தங்கச்சி. தங்கமா?”

“காப்புண்ணே.”

வளையத்துக்குள்ளும் பக்கத்திலும் எலும்புகள். நுனி இன்னும் ஒட்டாத எலும்புகள். பிள்ளைகளின் கைகளைத் தினமும் பார்க்கிறவள் நான்.

“கை அண்ணே.”

படத்துக்குக் கிட்டே குனிந்து கேட்டார், “எத்தன வயசு?”

“ரெண்டு இருக்கும்.”

நடந்து வந்த வழியில் பிள்ளை செத்திருக்க வேண்டும். மிச்சம் எந்தக் காட்டில் கிடக்கிறதோ. முழுசாக விட்டுவிட்டு வர யாருக்கோ மனசு வரவில்லை.

மார்ச் 17

அண்ணன் அண்ணியிடம் சொல்லிவிட்டார். அண்ணி அழுதார். வேறு யாருக்கும் தெரியாது.

செத்த எலும்பு அம்மன் காலடியில் இருக்கலாமா? தீட்டு என்று அண்ணன் ஆற்றில் விடச் சொல்வாரோ? தலைவர் சொன்னால் சொன்னதுதான். மண் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எனக்கு எதுக்கு இந்தப் பாடு? இத்தனை தூரம் தூக்கி வந்த பிள்ளையை நான் போய் வெளியே தள்ளிட்டேனே —

மார்ச் 22

“முடிவு பண்ணீங்களாண்ணே?” அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். வேலைக்குப் போனேன், வந்தேன்.

மார்ச் 29, ஞாயிறு

இன்று அம்மனை இறக்கினார்கள். தப்பு மேளம் அடித்தார்கள், லேசான தூறல். கலயத்தை எடுக்க அண்ணன்தான் உள்ளே போனார்.

வெளியே வந்தபோது கலயம் தலையில் இல்லை. இடுப்பில் வைத்து, ஒரு கையால் அணைத்துப் பிடித்திருந்தார். எல்லாரும் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல் அம்மனுக்குப் பின்னால் இறங்கினார்.

பாதி வழியில் அண்ணி கையை நீட்டினார்.

“இங்க குடுங்க. கொஞ்ச நேரம் நான் தூக்குறேன்.”