லாரிக்காரியின் குரல்

மார்ச் 3, செவ்வாய்

மாலை 4.17. ஸ்டுடியோவில் ஒரு கதவு சாத்தும் சத்தத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன். புரொடக்‌ஷன் மேனேஜர் கூப்பிட்டார். கடைசி நாள் ஷூட்டிங் முடிந்து என் மனைவி திரும்பிய கார் விபத்தில் சிக்கிவிட்டது. அவள் இல்லை என்றார். முதல் தடவையே புரிந்தது. ஆனாலும் லைன் சரியில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்றேன். லைன் சுத்தமாக இருந்தது. "சரி" என்றேன்.

மார்ச் 5, வியாழன்

பேப்பரில் வந்திருக்கிறது. ‘குண்டூசி’ மறைவு. போட்டோவில் அவளுக்கு ஏழு வயது, முன்பல் இரண்டும் இல்லை. என் மனைவிக்கு இருபத்தொன்பது. துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டம்மா அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் அழுதார். எனக்கே யாரோ ஒரு குழந்தையின் சாவுக்கு வந்து உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. அத்தை, அவள் அம்மா, அதைக் கத்தரித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஃபோனை அணைப்பதில்லை. தப்பா சொல்லிட்டோம் சார், அது வேற ஆளுன்னு யாராவது கூப்பிட்டா? கூப்பிட மாட்டார்கள். தெரியும். சார்ஜரில் போட்டிருக்கிறேன்.

மார்ச் 14, சனி

அவளுக்குக் குண்டூசி என்று பேர் வாங்கித் தந்த படத்தை முழுதாகப் பார்த்தேன். அவள் இருந்தவரை பார்க்க விட்டதில்லை. டிவியில் வந்தால் ரிமோட்டைப் பிடுங்கிக்கொள்வாள். "அந்தப் பொண்ணு வேற, நான் வேற."

பெட்டிக்குள் ஒளிந்துகொண்டு அப்பாவோடு ரயிலேறும் வாண்டு. முகவாய் அவளுடையதுதான். கோபம் வந்தால் ஏறும் இடது புருவமும். ஆனால் கண்ணை மூடினால் அவள் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அப்போது பெரிய பெண்கள்தான் மைக் முன்னால் நின்று பேசுவார்கள். இவளுக்கு எல்லாப் படத்திலும் ஒரே ஆள், ஒரு டப்பிங் அக்கா. வளர்ந்த பிறகு செய்த சின்ன வேஷங்களுக்கும் அதே அக்காதான், ராசியான குரலாம்.

அடுத்த படமும் போட்டேன். அதற்கடுத்ததும். நான் சத்தத்தோடு பிழைக்கிறவன். என் மனைவி நடித்த படங்கள் எதிலும் என் மனைவி இல்லை.

மார்ச் 22, ஞாயிறு

படத்தில் அவளுக்கு அண்ணனாக நடித்தவன் வந்திருந்தான். இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். எங்கள் கல்யாணத்தன்றே உறவு முறையை முடிவு செய்துவிட்டவன். நான் அவனுக்கு மாப்பிள்ளை. உட்கார்ந்ததும் என் கண்ணாடியைக் கழற்றித் தன் துணியால் துடைத்தான். கேட்கவில்லை. துடைத்தான்.

"குரல் உடைஞ்ச வாரமே எனக்கு ஃபோன் நின்னுபோச்சு, மாப்ள. ஒரு வகையில நிம்மதி. விட்டுட்டேன். அவதான் விடல."

விடவில்லைதான். கதாநாயகியின் தோழி, கதாநாயகனின் தங்கை. எந்த செட்டுக்குப் போனாலும் யாராவது குண்டூசி மாதிரி மழலையில் பேசிக் காட்டச் சொல்வார்கள். பேசிக் காட்டுவாள். வீட்டுக்கு வந்தால் அன்றைக்கு யாரிடமும் பேச மாட்டாள். ‘ஒரே ஒரு தடவை, யாராவது ஒருத்தர் என்னைப் பாத்து புதுமுகம்னு சொல்லணும்’ என்பாள். இருபது வருஷமா நடிக்கிற புதுமுகமா என்று சிரித்திருக்கிறேன். அவளும் சிரித்தாள். பாதிதான்.

கிளம்பும்போது கண்ணாடியை மாட்டிவிட்டு, "மூக்குல இறங்குது, கடைக்கு வா, டைட் பண்ணித் தரேன்" என்றான். துக்கம் கேட்டதாக அதைத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 2, வியாழன்

டைரக்டர் கூப்பிட்டார். பழுதான வண்டிகளை இழுத்துப் போகும் லாரியை ஓட்டுகிறவள் – அதுதான் வேஷம். அவளை நம்பி எடுத்த முதல் படம். கையெழுத்துப் போடும்போது ஒரே நிபந்தனைதான் வைத்தாள்: என் குரலில் நான்தான் பேசுவேன். டப்பிங் மார்ச் இரண்டாம் வாரம் என்று இருந்தது.

இப்போது அவள் குரலில் இருப்பது ஷூட்டிங்கில் பதிந்தது மட்டும். இன்ஜின் இரைச்சல், ஜெனரேட்டர், ஆட்கள் கத்தல் எல்லாம் கலந்து. டைரக்டர் மெதுவாகத்தான் சொன்னார். "ரிலீஸ் தேதி நிக்காதுப்பா. அந்த அக்காவையே பேச வெச்சிடலாம். சின்னதுலேருந்து அவங்கதானே."

இரைச்சலை எடுத்துப் பார்க்க ஒரு வாரம் கேட்டேன். கொடுத்தார், தியேட்டரில் வார்த்தை புரிய வேண்டும் என்ற கண்டிப்போடு.

இதிலயும் போச்சுன்னா அவ குரல் எதுலயும் இருக்காது. எதுலயும்.

ஏப்ரல் 6, திங்கள்

பதிவிலிருந்து ஜெனரேட்டர் சத்தம் போய்விட்டது. லாரி போகமாட்டேன் என்கிறது. இன்ஜினும் அவளும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்றை எழுப்பினால் மற்றதும் எழுந்து வருகிறது. அதிகம் துடைத்தால் தண்ணீருக்கடியிலிருந்து பேசுகிறாள்.

மூச்சையெல்லாம் இரைச்சல் என்று நினைத்து மென்பொருள் எடுத்துவிட்டிருந்தது. ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தேன். மூச்சு விடாமல் அவள் பேசுவதை எப்படிக் கேட்பது?

ஏப்ரல் 9, வியாழன்

நான் துடைத்ததை டைரக்டர் போட்டுக் கேட்டார். எல்லாம் தேறும், மழைக் காட்சி தவிர என்றார். உண்மைதான். லாரி மேல் ஏறி நின்று கார்க்காரனைத் திட்டுகிறாள்; பாதி வார்த்தை மழை மெஷினுக்குள் போய்விட்டது. அந்தக் காட்சிக்கு நாளை அக்கா வருகிறார். இதற்கும் "சரி" என்றேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

அக்காவைப் பிடிக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். அறுபதை நெருங்கும் வயது, ஏசிக்கு ஸ்வெட்டர், பிளாஸ்கில் வெந்நீர். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மழைக் காட்சியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு, "கழுதை, நல்லாத்தான் பேசியிருக்கா" என்றார். சொல்லி முடிக்குமுன் ஒரு சின்னச் சிரிப்பை விழுங்கினார்.

எனக்குக் கை நின்றுவிட்டது. அது என் மனைவியுடையது. மனசில்லாமல் எதையாவது பாராட்டும்போது அப்படித்தான் விழுங்குவாள். அவளோட சிரிப்பு மாதிரியே இருக்கு என்றேன்.

"அவளுது இல்ல தம்பி, என்னுது. தியேட்டர்ல தன் வாயிலேருந்து என் குரல் வர்றதைக் கேட்டுட்டு, வீட்டுல அப்படியே பேசிக்கிட்டுத் திரிஞ்சாளாம். அவங்கம்மா ஃபோன் பண்ணித் திட்டினாங்க, என் பொண்ணைக் கெடுத்துட்டியேன்னு."

அப்போ அந்தப் படங்கள்ல கண்ணை மூடிக்கிட்டு நான் கேட்டது யாரை?

முழுக் காட்சியையும் பேச அக்கா மறுத்துவிட்டார். "மழை தின்ன வார்த்தையை மட்டும் குடு. மீதி அவ பேசினதே இருக்கட்டும்." நடுவில் என் ஃபோன் அதிர்ந்து ஒரு டேக் வீணானது. ஏதோ லோன் விளம்பரம். அணைத்துத் தொலையேன் என்றார். முடியாதுக்கா என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. "யாரும் கூப்பிட மாட்டாங்க தம்பி" என்று மட்டும் சொல்லி, ஃபோனை எடுத்துப்போய்க் கதவுக்கு வெளியே நாற்காலியில் வைத்தார். அணைக்காமல்.

டைட்டிலில் தன் பேர் வேண்டாம் என்றார். எப்பவும் போட்டதில்லை, இப்ப எதுக்காம்.

ஏப்ரல் 11, சனி

இரண்டு குரலையும் தைத்து முடித்தேன். தையல் எனக்கே ஓரிரண்டு இடத்தில் தெரியவில்லை. தேடவும் இல்லை.

ஜூன் 12, வெள்ளி

இடைவேளை. டிக்கெட்டின் பின்னால் எழுதுகிறேன், வீட்டில் டைரியில் ஒட்டிக்கொள்ளலாம். முதல் காட்சி, முக்கால் அரங்கு. அத்தை வரவில்லை, டிவியில் வரும்போது பார்க்கிறாராம்.

மழைக் காட்சியில் கண்ணை மூடினேன். இருந்தாள். திட்டினாள், மூச்சு வாங்கினாள், திரும்பத் திட்டினாள். பக்கத்து வரிசையில் யாரோ கை தட்டினார்கள். கண்ணைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்ற வேண்டியதாயிற்று. மூன்று மாதத்தில் முதல் தடவை.

விளக்கு போட்டதும் பின்னால் ஒரு அம்மா தன் வீட்டுக்காரரைக் கேட்டார்.

"லாரிக்காரியா வர்ற பொண்ணு யாருங்க? எங்கயும் பாத்ததில்லையே."

"புதுமுகம் போலிருக்கு" என்றார் அவர், வாயில் பாப்கார்னோடு.

திரும்பிச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

விளக்கு மங்குகிறது. ஃபோனை அணைத்துவிட்டேன்.